மனநலமும் செல்லப்பிராணியும்: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்பது, "வீட்டில் ஒரு நாய்க்குட்டி வளர்த்தால் இவருக்கு நல்லதா, டாக்டர்?" என்பதாகும். "பெரும்பாலும் நல்லதே, ஆயினும் அது சிகிச்சைக்கு மாற்று அன்று" என்பதே எங்கள் விடை.

எவ்வாறு உதவுகிறது?

மனச்சோர்வு ஒரு சுழல். மனம் சோர்ந்தவர் வெளியே செல்வதையும் பிறருடன் பேசுவதையும் குறைத்துக்கொள்கிறார். அதனால் மகிழ்ச்சி தரும் அனுபவங்கள் குறைந்து, சோர்வு மேலும் மிகுகிறது. செல்லப்பிராணி இச்சுழலில் குறுக்கிடுகிறது. காலையில் நாய்க்குப் பசிக்கும். அதை வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். எழ மனமில்லாதவரும் எழுந்து நடக்கிறார். தெருவில் நாலு பேர் நாயைப் பற்றி விசாரிக்க, பேச்சு தொடங்குகிறது. "என்னால் யாருக்கும் பயனில்லை" என்று எண்ணுபவருக்கு, தம்மை நம்பி ஓர் உயிர் இருப்பதே மறுமொழியாக அமைகிறது.

நாயும் அதை வளர்ப்பவரும் கண்ணோடு கண் நோக்கும்போது இருவரிடத்தும் ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன் கூடுவதை, 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். தாய்-சேய்ப் பிணைப்பில் பங்கு வகிப்பதும் இதே ஹார்மோன்தான்.

சென்னையில்

1991இல் ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் தொடங்கிய 'டாக்டர் டாக்' திட்டத்தை, சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு நடத்தியது. சாந்தமான இயல்புடைய நாய்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, சிறப்புக் குழந்தைகளின் பள்ளிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் அழைத்துச் செல்லப்பட்டன. எல்லா நாய்களும் இப்பணிக்குப் பொருந்துவதில்லை. வீட்டுக்குத் தேர்ந்தெடுக்கும்போதும் இனத்தின் அழகைவிட இயல்பின் சாந்தமே முக்கியம்.

முடிவெடுக்கும் முன்

• நோய் மிகும் நாட்களிலும், மருத்துவமனையில் சேரும் நாட்களிலும் பிராணியைக் கவனிப்பவர் யார்? இதற்கு விடை கிடைத்த பின்னரே வாங்குங்கள். இல்லையெனில், "இதைக்கூட என்னால் பார்த்துக்கொள்ள முடியவில்லை" என்ற குற்றவுணர்வு நோயாளியை வாட்டும்.

• கோடம்பாக்கத்தின் சிறிய அடுக்குமாடி வீடுகளுக்குப் பூனையோ மீன்தொட்டியோ எளிது. பச்சைக்கிளி வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

• புற்றுநோய்க்கான கீமோதெரபி பெறுவோரும் உறுப்பு மாற்று செய்துகொண்டோரும் முதலில் தம் மருத்துவரைக் கேட்க வேண்டும். கர்ப்பிணிகள் பூனைக் கழிவைக் கையாளக் கூடாது.

• வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். வளர்ப்பு நாயே கடித்தாலும் கீறினாலும், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

• நாயின் ஆயுள் மனிதரினும் மிகக் குறைவு. அதன் மறைவு உண்மையான துக்கமே, "நாய்தானே!" என்று அதனைச் சிறுமைப்படுத்தாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் உறக்கமும் உணவும் சீர்படாவிடில் எங்களிடம் அழைத்து வாருங்கள்.

நினைவிற் கொள்க

மனம் தெளிந்தது போல் தோன்றினாலும், மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால், நோயாளியைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண்ணான 14416, இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது.