உறைபனி உரைக்கும் வரலாறு

முன்னுரை

கல்லும் செப்பேடும் ஓலையும் மனிதன் எழுதிவைத்த சான்றுகள். எழுத்துத் தோன்றுவதற்குப் பன்னெடுங்காலம் முன்பு இவ்வுலகில் வெப்பமும் குளிரும் எவ்வாறு மாறி மாறி நிலவின என்பதை அவை கூறமாட்டா. அதனைக் கூறும் சான்று துருவப் பகுதிகளின் உறைபனியில் உள்ளது. அச்சான்றை அறிவியலார் படிக்கும் முறையையும், அது உணர்த்தும் உண்மையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பனியடுக்குகள்

கிரீன்லாந்து, அண்டார்க்டிகா ஆகியவற்றின் உட்பகுதிகளில் பொழியும் பனி பெரும்பாலும் உருகி ஓடுவதில்லை. ஓராண்டின் பனிமீது அடுத்த ஆண்டின் பனி படிகிறது. மேலடுக்குகளின் எடை தாங்காது கீழுள்ள பனி இறுகி, ஏறத்தாழ 60 முதல் 100 மீட்டர் ஆழத்தில் கெட்டியான பனிக்கட்டியாகிறது. அப்போது துகள்களுக்கு இடையே இருந்த காற்று சிறுசிறு குமிழ்களாகச் சிறைப்படுகிறது. துளைக்கருவியால் இவ்வடுக்குகளை உருளைத் தண்டுகளாக வெட்டியெடுத்து ஆராய்கின்றனர்.

வெப்பநிலையை அறியும் முறை

நீரில் உள்ள ஆக்சிஜன் அணுக்களுள் ஏறத்தாழ ஐந்நூற்றில் ஒன்று எடை மிகுந்தது. அது ஆக்சிஜன் 18 எனப்படும். ஏனையவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஆக்சிஜன் 16 ஆகும். கடலிலிருந்து எழும் ஈரக்காற்று துருவத்தை நோக்கிச் செல்லும் வழியில் குளிரக் குளிர, எடை மிகுந்த நீரே முந்திப் பொழிந்துவிடுகிறது. ஆதலின் குளிர் மிகுந்த காலத்துப் பனியில் ஆக்சிஜன் 18 குறைந்தும், வெப்பக் காலத்துப் பனியில் மிகுந்தும் காணப்படும். இதனைக் கொண்டு பண்டை வெப்பநிலையை அறியலாம் என 1954ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டு அறிஞர் வில்லி டான்ஸ்கார்டு எடுத்துரைத்தார். கிரீன்லாந்தின் கேம்ப் செஞ்சுரியில் 1966ஆம் ஆண்டு பனிப்பாளத்தின் அடிவரை துளையிட்டு எடுக்கப்பெற்ற தண்டு, அவர் கருத்து மெய்யென நிறுவியது.

காலக் கணிப்பு

கல்வெட்டில் மன்னனின் ஆட்சியாண்டு காலம் காட்டுவதுபோலப் பனியில் எரிமலைகள் காலம் காட்டுகின்றன. 1783இல் ஐஸ்லாந்தின் லாக்கியும், 1815இல் இந்தோனேசியாவின் தம்போராவும் உமிழ்ந்த கந்தகம் அமிலமாகிப் பனியில் படிந்துள்ளது. அவ்வடுக்குகளைக் கண்டதும் ஆண்டு தெளிவாகிறது. மேலடுக்குகளில் ஆண்டுகளை ஒன்றொன்றாக எண்ணலாம். ஆழம் மிகுமிடத்து, பனி நகரும் இயல்பைக் கணித்துக் காலத்தை உய்த்துணர்வர்.

ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. குமிழ் அடைபடும்வரை மேற்காற்று உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். எனவே குமிழிலுள்ள காற்று, அதனைச் சூழ்ந்த பனியைவிட இளமையானது. இவ்வேறுபாட்டைக் கணக்கிட்டே காற்றையும் வெப்பத்தையும் ஒப்பிடுதல் வேண்டும்.

கண்ட உண்மைகள்

அண்டார்க்டிகாவின் வாஸ்தாக் நிலையத்துத் தண்டு 4,20,000 ஆண்டுகளின் வரலாற்றை 1999இல் வெளிப்படுத்தியது. டோம் சி என்னுமிடத்துத் தண்டு அதனை 8,00,000 ஆண்டுகளாக நீட்டியது. அந்நெடுங்காலம் முழுவதும் வெப்பமும் கரியமிலவாயுவும் இணைந்தே ஏறி இறங்கின. பனியூழிகளில் பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 180 பங்காக இருந்த அவ்வாயு, வெப்ப ஊழிகளில் 280 பங்களவு உயர்ந்தது; 300ஐப் பெரிதும் கடந்ததில்லை. இன்றோ அது 420 பங்கைத் தாண்டிவிட்டது. 2025 சனவரியில் ஐரோப்பிய ஆய்வுக் குழுவினர் 2,800 மீட்டர் ஆழம்வரை துளையிட்டுப் பன்னிரண்டு இலட்சம் ஆண்டுப் பழமையான பனியை எடுத்துள்ளனர்.

பண்டைக் காலத்தில் வெப்ப மாற்றத்தைத் தொடங்கி வைத்தது புவியின் சுற்றுப்பாதை மாற்றமே. பின்னர் எழுந்த கரியமிலவாயு அதனை வளர்த்தது. எனவே இன்றைய மாற்றமும் இயற்கையே என்பார் உளர். இன்று வாயுவை மிகுவிப்பது சுற்றுப்பாதையன்று; நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கும் மனிதனே.

முடிவுரை

உறைபனி குற்றத்தை மட்டும் குறித்து வைப்பதில்லை. ஈயம் கலந்த பெட்ரோலை உலகம் எரித்த நாளில் கிரீன்லாந்துப் பனியில் ஈயம் பன்மடங்கு பெருகியது. 1970களிலிருந்து அதனைப் பல நாடுகள் படிப்படியாகக் குறைத்தபின், அவ்வீயமும் பெருமளவு குறைந்ததை அதே பனி காட்டுகிறது. மனிதன் கெடுத்ததும் அதில் உண்டு, திருந்தியதும் உண்டு. இனிப் படியும் அடுக்குகளில் எது பதியவேண்டும் என்பது நம் செயலைப் பொறுத்ததேயாகும்.