தொட்டியைத் துளைக்காமல் ஒரு பாசித்தொட்டி



போன மாதம் முகத்துவாரக்குப்பம் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். உள்கடன் வாங்கி வீட்டில் கடல் மீன் தொட்டி வைத்திருக்கும் அக்கா ஒருவர் எழுந்து கேட்டார்: "முதல்ல மீனெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு மாசத்துல கண்ணாடி பூரா பச்சை படிஞ்சு, ஒவ்வொண்ணா சாவுது. பாசித்தொட்டி வெச்சா சரியாகும்னு சொல்றாங்க. அதுக்குக் கண்ணாடியில ஓட்டை போடணுமாமே?"

போட வேண்டியதில்லை. எப்படி என்று இந்த மாதப் பாடத்தில் பார்ப்போம்.

பாசித்தொட்டி என்றால் என்ன?

இது நமக்குத் தெரியாத விஷயம் இல்லை. கொசஸ்தலை ஆறு கடலோடு சேரும் இடம்தான் நம்ம முகத்துவாரம். இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் கழிக்குள் வந்து, அலையாத்தி வேரிலும் பாசியிலும் ஒதுங்கி வளர்ந்து, பிறகு கடலுக்குப் போகும். கடலுக்குக் கழி எப்படியோ, மீன் தொட்டிக்குப் பாசித்தொட்டி அப்படி. ஆங்கிலத்தில் 'ரெஃப்யூஜியம்' என்பார்கள். அடைக்கலம் தரும் இடம் என்று பொருள்.

மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. நல்ல பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த நைட்ரேட் தண்ணீரிலேயே சேர்ந்துகொண்டே போகும். வயலுக்கு யூரியா போட்டால் பயிர் இழுத்துக்கொள்வது போல, பாசித்தொட்டியில் வளரும் பாசி நைட்ரேட்டை இழுத்துக்கொள்ளும். பாசிக்குள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சின்னச் சின்ன உயிர்கள் பெருகும். அவை மீனுக்கு நல்ல தீனி.

நாங்கள் செய்த தவறு

டெம்பர் செய்த கண்ணாடியைத் துளைத்தால் முழுவதும் நொறுங்கிவிடும். சாதாரணக் கண்ணாடியும் பழக்கமில்லாதவர் கையில் விரிசல் விடும். அதனால் வேறொரு குழுவில், விளிம்பில் மாட்டும் பெட்டி ஒன்றை நாங்களே சிபாரிசு செய்தோம். வளைந்த குழாய் வழியாக அது தண்ணீரைக் கீழே உள்ள பாசித்தொட்டிக்கு இழுத்துவிடும். அங்கிருந்து மோட்டார் மேலே ஏற்றும்.

ஒரு நாள் ராத்திரி கரண்ட் போனது. குழாயில் காற்று புகுந்து இழுப்பு நின்றுவிட்டது. கரண்ட் வந்ததும் மோட்டார் மட்டும் ஓடி, மேல் தொட்டி நிரம்பி, தண்ணீரெல்லாம் தரையில். காலையில் அந்தச் சகோதரி ஈர வீட்டில் உட்கார்ந்து அழுததை நாங்கள் மறக்கவில்லை. கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் சொன்னது எங்கள் தவறு. அதனால் இப்போது வேறு முறையைச் சொல்கிறோம்: பாசித்தொட்டி மேலே, மீன் தொட்டி கீழே. துளை பிளாஸ்டிக் டப்பில்தான், கண்ணாடியில் இல்லை.

செய்முறை

3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டிக்கு 20 முதல் 25 லிட்டர் டப் போதும்.

1. தொட்டியின் தண்ணீர் மட்டத்தைவிட உயரத்தில் டப்பின் அடிப்பகுதி இருக்கும்படி ஸ்டாண்டு அமையுங்கள். தண்ணீரோடு 25 கிலோவுக்கு மேல் இருக்கும். ஆட்டம் இருக்கக் கூடாது.

2. டப்பின் முக்கால் உயரத்தில் துளை போட்டு, 1 அங்குல பிளாஸ்டிக் பைப்பை வாஷரோடு இறுக்குங்கள். இதன் வழியாகத் தண்ணீர் தானாக மீன் தொட்டிக்குத் திரும்பும். அதற்கு மேலே இன்னொரு துளை போட்டு இன்னொரு பைப் விடுங்கள். முதல் பைப் அடைத்தால் இது காப்பாற்றும்.

3. உள்பக்கம் துளைகளுக்கு நைலான் வலை கட்டுங்கள். வலையை வாரம் ஒரு முறை கழுவுங்கள்.

4. உப்புத் தண்ணீருக்கு ஏற்ற சின்ன மோட்டாரை, மணிக்கு 200 முதல் 300 லிட்டர் ஏற்றுவதாகப் பார்த்து வாங்குங்கள். தொட்டியின் அடியில் போடாமல், மேல்மட்டத்திலிருந்து 4 அங்குலத்தில் பொருத்துங்கள். இந்த அளவுத் தொட்டியில் 1 அங்குலத் தண்ணீர் சுமார் 10 லிட்டர். என்ன கோளாறு வந்தாலும் 40 லிட்டரோடு நிற்கும். மோட்டார் கெட்டாலும் மீன் பிழைக்கும்.

5. மோட்டார் குழாயின் முனை டப்பின் தண்ணீருக்கு மேலேயே இருக்கட்டும். முனை மூழ்கியிருந்தால், கரண்ட் போனதும் தண்ணீர் அதே குழாய் வழியாகக் கீழே இறங்கிவிடும்.

6. மீன் தொட்டியில் மேலே 2 அங்குலம் காலியாக விடுங்கள்.

7. மீன் விடுவதற்கு முன் மோட்டாரை ஐந்து தடவை நிறுத்திப் போட்டுப் பாருங்கள். எங்கும் வழியவில்லை என்றால்தான் அடுத்த வேலை.

8. கடல் மீன் சாமான் விற்கும் கடையில் 'சீட்டோ' என்று கேளுங்கள். நூல்கண்டு மாதிரி இருக்கும் பாசி. ஒரு கைப்பிடி போட்டால் போதும், பெருகும்.

9. டப்புக்கு மேலே 10 வாட் எல்.இ.டி. பல்பு, ராத்திரி 8 மணி முதல் காலை 6 மணி வரை. மீன் தொட்டி விளக்கு அணைந்திருக்கும்போது இது எரிந்தால், தண்ணீரின் கார அமில நிலை ராத்திரியில் அதிகம் இறங்காது.

கவனம் சகோதரிகளே!

பாசி பெருகியதும் வாரம் ஒரு முறை ஒரு பிடி வெட்டி எடுத்துவிடுங்கள். வெட்டி எடுத்தால்தான் நைட்ரேட் வெளியே போகும். விட்டால் அழுகித் திரும்பத் தண்ணீரிலேயே சேரும்.

தண்ணீர் ஆவியானால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல. உப்பளத்தில் பார்த்திருப்பீர்கள், தண்ணீர் போகும், உப்பு தங்கும். பாசித்தொட்டி இருந்தாலும் வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள்.

வயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி ஏறட்டும். இல்லையென்றால் உப்புத் தண்ணீர் வயர் வழியாக பிளக்குக்குள் இறங்கிவிடும். ஷாக் தடுக்கும் இ.எல்.சி.பி. கட்டாயம். கரண்ட் போகும் நேரத்துக்கு ஒரு பேட்டரி ஏர் பம்பு வைத்திருங்கள்.

நம்ம கழியிலிருந்து பாசியோ தண்ணீரோ எடுக்காதீர்கள். சாம்பலும் ஆலைக் கழிவும் சேர்ந்த கழி அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். கடையில் விற்கும் கடல் உப்புக் கலவையை வாங்குங்கள். சமையல் உப்பு ஆகாது. பவளப்பாறை, கடல்குதிரை வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மீனையும் கடலிலிருந்து பிடித்து வைக்காமல், தொட்டியில் பிறந்த குஞ்சாக வாங்குங்கள். கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் உருவாக்கியிருக்கிறது. லட்சத்தீவின் அகத்தித் தீவில் நம்மைப் போன்ற பெண்கள் பயிற்சி பெற்று அலங்கார இறால் வளர்க்கிறார்கள். நம்மால் முடியாதா என்ன?

முகத்துவாரக்குப்பம் அக்கா வீட்டில் இப்போது டப் ஏறிவிட்டது. மீன் இன்னும் வாங்கவில்லை. "நைட்ரேட் இறங்கட்டும், அப்புறம் கடனைப் பத்திப் பேசலாம்" என்கிறார். அந்தப் பொறுமைதான் இந்தப் பாடத்தில் முக்கியம்.

குழுக் கூட்டத்தில் பேச:

1. கரண்ட் போனால் உங்கள் தொட்டியில் தண்ணீர் எங்கே போகும்?
2. வெட்டிய பாசியை எறியாமல் வேறு எதற்குப் பயன்படுத்தலாம்? (உப்புப் போகக் கழுவிவிட்டு எருக்குழியில் போடலாம்.)
3. மீன் தொட்டிக்குக் கடன் தருமுன் எதையெல்லாம் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்? தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.