மீன் வருமுன் நீர்

கண்ணாடித் தொட்டியில் பொன்மீன் உலாவுதல் கண்ணுக்கு இனிய காட்சி என்பதை யாவரும் அறிவர். அம்மீன் வருமுன் தொட்டியை எங்ஙனம் ஆயத்தஞ்செய்தல் வேண்டும் என்பதை அறிந்தவர் சிலரே. யாமும் முன்னர் அறிந்திலோம். சென்ற கோடை விடுமுறையில், எம் தம்பியின் விருப்பப்படி, தொட்டியையும் ஆறு பொன்மீன்களையும் ஒரே மாலையில் வாங்கிவந்து, அன்றிரவே மீன்களை நீரில் விட்டோம். நான்காம் நாள் இரண்டு இறந்தன. பத்து நாள் கழியுமுன் ஒன்றும் எஞ்சவில்லை. "அண்ணா, தண்ணீர் தெளிவாகத்தானே இருந்தது?" என்று தம்பி வினவினான். அவ்வினாவிற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

மீன் உண்ட உணவு செரித்தபின், அதன் உடலினின்று, பெரும்பாலும் செவுள்களின் வழியே, அமோனியா என்னும் நஞ்சு வெளிப்படுகின்றது. உண்ணாது கிடந்த இரையும் அழுகி அதனையே தரும். இந்நஞ்சு கண்ணுக்குப் புலனாகாது. ஆதலின் நீர் தெளிந்திருத்தல் அதன் நலத்திற்குச் சான்றாகாது. குளத்திலும் ஆற்றிலும் நீர் மிகுதி. அன்றியும், அங்கே சேற்றிலும் கல்லிலும் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றுள் ஒருவகை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சே, அது குருதியிற் கலந்து, உயிர்வளியைச் சுமக்கும் அதன் ஆற்றலைக் கெடுக்கும். பிறிதொருவகை அந்நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இது மிகுந்தாலன்றித் தீங்கு செய்யாது, நீர்ச்செடிகளுக்கு உணவுமாகும்.

இலண்டன் நகரத்து வேதிநூலறிஞர் இராபர்ட் வாரிங்டன், மீனும் நீர்ச்செடியும் நத்தையும் ஒரு கலத்தில் ஒன்றையொன்று தாங்கி வாழ்தலை 1850-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அவர் காணாத துணைவராகிய நுண்ணுயிர்களின் தொழிலை, மண்ணில் ஆராய்ந்து, 1890-ஆம் ஆண்டளவில் விளக்கினார் உருசிய நாட்டு வினோகிராத்ஸ்கி. புதிய தொட்டியில் அவ்வுயிர்கள் இல்லையென்றே கூறலாம். எம் மீன்கள் மாண்டதன் காரணம் இதுவே.

இனி, ஆயத்தஞ்செய்யும் முறையைக் கூறுவோம்.

முதலாவது, இடம். 60 சென்டிமீட்டர் நீளமும், 30 அகலமும், 30 உயரமும் உள்ள தொட்டி 54 லிட்டர் கொள்ளும். அந்நீரின் எடை மட்டும் 54 கிலோகிராம். ஆதலின் அசையாத மேசை வேண்டும். நேர்வெயில் படின் பாசி பெருகும்.

இரண்டாவது, தூய்மை. சவர்க்காரம் தொட்டியைத் தீண்டலாகாது. மணலையும் கூழாங்கல்லையும், அலசிய நீர் தெளியுமட்டும், வெறும் நீரிலேயே அலசுக.

மூன்றாவது, நீர். குழாய்நீரிற் சேர்க்கும் குளோரின் மீனுக்கும் நுண்ணுயிருக்கும் பகை. வாயகன்ற கலத்தில் ஓரிரு நாள் திறந்து வைப்பின் அது நீங்கும். குளோரமின் சேர்த்த நீராயின் இது போதாது. அதனை முறிக்கும் மருந்தைக் கடையில் வாங்கி இடுதல் வேண்டும்.

நான்காவது, வடிகட்டி. நுண்ணுயிர்கள் பெரிதும் குடியேறுவது இதன் பஞ்சிலேயாம். அவற்றிற்கும் உயிர்வளி வேண்டுமாதலின், இஃது இரவும் பகலும் இயங்குக. பின்னாளிற் பஞ்சு அழுக்கடையின், குழாய்நீரில் கழுவாது, தொட்டியினின்று முகந்த நீரிலேயே அலசுக.

ஐந்தாவது, பொறுமை. மீனில்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவு இடுக. அது அழுகித் தரும் அமோனியாவே நுண்ணுயிர்க்கு உணவு. நலமுற்ற பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சிற் சிறிது பெற்றுவைப்பின் காலம் குறையும். சோதனை மருந்தைத் துளித்துளியாய் விட்டு நீரின் நிறத்தை நோக்குக. முன்னர் அமோனியா ஏறும். அது தணியப் பின்னர் நைட்ரைட்டு ஏறும். இரண்டும் அற்று நைட்ரேட்டு மட்டும் தோன்றும் நாளே மீனை வரவேற்கும் நாள். இதற்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு கிழமை செல்லும். அதன்பின் பாதி நீரை மாற்றி, இரண்டு மூன்று சிறுமீன்களை மட்டும் விடுக.

விடுமுறை முடிந்து யாம் விடுதிக்குத் திரும்பியபின், தம்பி தனியே இம்முறையைத் தொடங்கினான். நாள்தோறும் நீரின் நிறத்தைக் குறித்து எமக்கு எழுதியனுப்பினான். பொன்மீன் மிகுந்த கழிவு விடுவது, சிறுதொட்டிக்கு ஏலாதது என்றறிந்து, முப்பத்தெட்டாம் நாள் மூன்று கப்பி மீன்களை விட்டான். அவை இன்றும் வாழ்கின்றன. வெறுந்தொட்டியை ஐந்து கிழமைக்கு மேலாக நாள்தோறும் காத்த அச்சிறுவனின் பொறுமையை, ஆறு உயிர்களை இழந்த பின்னரே யாம் கற்றோம். எம்மைப்போல் பிறர் அவ்விலை கொடாதிருத்தல் வேண்டுமென்பதே எம் விருப்பம்.