திறந்த ஆய்வுக்கு வரும் இளையவர்களுக்கு

ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, இணையவழியில் பிறரோடு சேர்ந்து ஆய்வு செய்வதற்கான கருவிகளைச் சில வாரங்களில் பழகிவிடலாம். அவற்றோடு வேண்டிய பழக்கங்கள்தான் வர நாளாகும். அவற்றைச் சொல்கிறேன்.

1. அரைகுறையாக இருக்கும்போதே வெளியே வையுங்கள். கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் திமோத்தி கவர்ஸ் 2009இல் 'பாலிமேத்' முயற்சியைத் தொடங்கினார். ஹேல்ஸ்–ஜூவெட் தேற்றத்தின் அடர்த்தி வடிவத்துக்குப் புதிய நிரூபணம் தேடும் வேலை அது. யார் வேண்டுமானாலும் சேரலாம். தனியே உட்கார்ந்து முழுவதையும் முடித்துவிட்டு வரக் கூடாது, தோன்றிய சிறு எண்ணத்தை அப்போதே எழுத வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. தொடக்கத்திலேயே எழுதியவர்களில் அரிசோனாவின் பள்ளி ஆசிரியர் ஒருவரும் இருந்தார், ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற டெரன்ஸ் டாவும் இருந்தார். 37 நாளில் 27 பேர் ஏறத்தாழ 800 குறிப்புகள் எழுதினார்கள். நிரூபணம் கிடைத்தது. 'டி. எச். ஜே. பாலிமேத்' என்ற பொதுப்பெயரில் 2012இல் 'அன்னல்ஸ் ஆஃப் மேதமேட்டிக்ஸ்' அதை வெளியிட்டது.

கட்டுரையைவிட அந்தக் குறிப்புகளைப் படிக்கும்படிதான் என் மாணவர்களிடம் சொல்வேன். ஒருவர் போட்ட தவறான பாதையில் இன்னொருவர் சரியான திருப்பத்தைக் கண்டுபிடிப்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். அச்சான கட்டுரைகளில் அது மிச்சமிருப்பதில்லை.

2. எதை மாற்றினாலும் ஏன் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். லினக்ஸ் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய 'கிட்', ஒவ்வொரு மாற்றத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளும். காரணத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். "திருத்தினேன்" என்ற குறிப்பால் யாருக்கும் பயனில்லை. "மூன்றாம் பத்தியில் வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில் இருந்தது, செல்சியஸுக்கு மாற்றினேன்" என்று எழுதுங்கள்.

3. தரவுக் கோப்பை நம்பி அனுப்பும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். 'மார்ச்1', 'செப்ட்1' என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிவிடும். எத்தனையோ கட்டுரைகளின் இணைப்புகளில் இந்தப் பிழை புகுந்தது. கடைசியில் மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே இறங்கிவந்து அவற்றை 'மார்ச்எஃப்1', 'செப்டின்1' என்று மாற்ற வேண்டியதாயிற்று. தரவை எளிய சிஎஸ்வி கோப்பாக வையுங்கள். எந்தப் பத்தியில் என்ன இருக்கிறது, அலகு என்ன என்று தனிக் கோப்பில் எழுதி உடன் வையுங்கள்.

4. உரிமம் குறிப்பிடுங்கள். அது இல்லாவிட்டால், பொதுவில் கிடந்தாலும் உங்கள் நிரலை எடுத்துப் பயன்படுத்த மற்றவருக்கு அனுமதி கிடையாது.

5. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருப்பது நாளை இடம் மாறலாம், அழிக்கவும்படலாம். கட்டுரை வெளியாகும் நாளில் ஒரு பிரதியை ஜெனோடோவில் சேர்த்துவிடுங்கள். 2013இல் தொடங்கிய அந்தக் களஞ்சியத்தை செர்ன் நடத்துகிறது. மேற்கோள் காட்டுவதற்கு நிலையான டிஓஐ எண்ணும் தருகிறார்கள்.

6. உதவியவரின் பெயரைப் போடுங்கள், பட்டம் பார்க்காதீர்கள். பால்மண்டலங்களை வகைப்படுத்தப் பொதுமக்களை அழைத்த 'கேலக்ஸி ஜூ' திட்டத்தில், ஹானி ஃபான் ஆர்கல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை 2007இல் விசித்திரமான ஒளித்திட்டு ஒன்றைக் கண்டு, இது என்ன என்று கேட்டார். வானியலாளர்கள் அதை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில் அவரும் ஓர் ஆசிரியர். அந்தப் பொருளுக்கும் அவர் பெயரே வழங்குகிறது. நியாயம் என்றால் எனக்கு இதுதான்.

7. திறக்கக் கூடாதவையும் உண்டு. அரிய பறவை கூடு கட்டும் இடத்தைத் துல்லியமாக வெளியிட்டால் வேட்டைக்காரருக்கு வழி சொன்னதாகும். அதனால்தான் பறவை நோக்குவோரின் பதிவுகளைத் திரட்டும் 'இபேர்ட்' தளம் சில இனங்களின் இடத்தை மறைத்தே காட்டுகிறது. நோயாளியின் பெயரை நீக்கிவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். வயது, ஊர், அரிய நோய் மூன்றும் சேர்ந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஐயம் இருந்தால் நெறிமுறைக் குழுவைக் கேட்ட பிறகே ஏற்றுங்கள். ஏற்றியதை யார் யார் இறக்கிக்கொண்டார்கள் என்று தேடிப் போய்த் திரும்ப வாங்க முடியாது.