உடைப் பேழையும் உபபோக பரிமாணமும்



இல்லறத்தார்க்கு உரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை ஆகிய நான்கையும் நம் குடும்பங்கள் இயன்ற அளவு காத்து வருகின்றன. ஐந்தாவதாகிய பொருள் வரைதலோ பெரும்பாலும் நாவளவில் நின்றுவிடுகிறது. நிலத்துக்கும் பொன்னுக்கும் எல்லை வகுத்துக்கொண்டவர்கூட உடைக்கு எல்லை வகுப்பதில்லை. எனவே இப்பாடத்தில் உடை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதனை வரையறுக்கும் முறையைப் படிப்படியாகக் காண்போம். முடிவில் வீட்டில் செய்து பார்க்கவேண்டிய பயிற்சியும் உண்டு.

1. நூல்கள் கூறுவன

சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், ஒருமுறை நுகர்ந்தவுடன் ஒழிவதைப் போகம் என்றும், மீண்டும் மீண்டும் நுகரப்படுவதை உபபோகம் என்றும் பிரிக்கிறார். உணவு முன்னதற்கும் உடை பின்னதற்கும் எடுத்துக்காட்டுகள். அந்நூற்பொருளைத் தழுவி நம் தமிழில் அமைந்தது அருங்கலச்செப்பு. தத்துவார்த்த சூத்திரம், பொருள் வரைதலின் எல்லை மீறல்களைச் சொல்லுமிடத்தில் குப்பியம் என்றொரு வகையைக் குறிக்கிறது. பருத்தியும் பட்டும் அதனுள் அடங்கும் எனப் பூச்சியபாதர் உரை விளக்குகிறது. ஆகவே உடையை வரையறுப்பது நாம் புதிதாகக் கற்பித்துக்கொள்ளும் கடமையன்று.

இங்கு மூன்று செய்திகளை மனத்திற் கொள்க.

முதலாவது, பொருள் வரைதலுக்கு இச்சா பரிமாணம் என்றும் ஒரு பெயருண்டு. வரையறை பொருளுக்கு மட்டுமன்று, விருப்பத்துக்கும் ஆகும் என்பதே இப்பெயரின் கருத்து.

இரண்டாவது, வரையறைக்குக் காலம் உண்டு. வாழ்நாள் முழுவதும் கொள்வது யமம்; குறித்த காலத்துக்குக் கொள்வது நியமம். உணவு, ஊர்தி, படுக்கை, உடை, அணிகலன் முதலியவற்றை ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பட்சம், ஒரு மாதம், ஒரு ருது, ஓர் அயனம் என அளவிட்டுக்கொள்ளலாம் என்று சமந்தபத்திரர் வழிகாட்டுகிறார். ருது இரண்டு மாதம்; அயனம் ஆறு மாதம்.

மூன்றாவது, இவ்விரதத்துக்கு அவர் கூறும் குற்றங்கள் ஐந்தனுள் அதிசங்கிரகம், விசுமயம், உலோபம் என்பன உடைக்கு நன்கு பொருந்துவன. அளவிறந்து சேர்ப்பது அதிசங்கிரகம். பிறரிடம் உள்ளதைக் கண்டு வியப்பது விசுமயம். திருமணப் பந்தலில் அமர்ந்து அடுத்தவர் சேலையின் கரையை அளக்கும் கண்ணுக்கு இச்சொல் உரியது. உலோபத்துக்கு விளக்கம் வேண்டுவதில்லை.

2. பிற நாட்டார் கண்ட வழி

இக்காலத்தில் மேனாட்டாரும் இச்சிக்கலை உணர்ந்து வழி தேடுகின்றனர். இலண்டனில் ஆடைக்கடை நடத்திய சூசி ஃபாக்சு என்னும் அம்மையார் 1970களில், ஒன்றோடொன்று பொருந்தும் சில நல்லாடைகளே போதும் என்று கூறி, அத்தொகுதிக்கு 'கேப்சூல் வார்ட்ரோப்' என்னும் பெயரைப் பரப்பினார். நாம் அதனைச் செறிவுடைத் தொகுதி எனலாம். 1985இல் அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் டோனா கரண் ஏழு உருப்படிகளால் ஆன தொகுதியை வெளியிட்டார். 2010இல் கோர்ட்னி கார்வர் என்னும் அமெரிக்கப் பெண்மணி, அணிகலனும் காலணியும் உட்பட 33 பொருள்களை மட்டும் கொண்டு மூன்று மாதம் வாழும் முறையைத் தொடங்கினார். எண்ணிக்கையோடு காலத்தையும் சேர்த்ததால், அவர் தம்மையறியாமலே நம் நியமத்தின் அருகில் வந்துவிட்டார்.

சப்பானியராகிய மேரி கோண்டோவின் நூல் 2011ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் பரவியது. உடைகளை எல்லாம் ஓரிடத்தில் குவித்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, மனத்துக்கு மகிழ்ச்சி தருவதை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார் அவர். குவித்துப் பார்ப்பது நல்ல முறையே. ஆயினும் அவருடைய அளவுகோலை நாம் அப்படியே கொள்ளவியலாது. தத்துவார்த்த சூத்திரம் மூர்ச்சையையே, அதாவது பற்றையே, பரிக்கிரகம் என்கிறது. மகிழ்ச்சி தருவதை வைத்துக்கொண்டால் பற்றுள்ளதே எஞ்சும். நம் அளவுகோல் பயன். இது உடுக்கப்படுகிறதா, உடுக்கப்படுமா என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

3. செட்டிநாடு கற்பிக்கும் பாடம்

நாம் வாழும் சிவகங்கைச் சீமையிலேயே இதற்குச் சான்றுகள் உள. சிவகங்கைக்கு அருகிலுள்ள திருமலையில் குகைத்தளமும் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் காணப்படுகின்றன. ஒரு கல்லே படுக்கையாய் வாழ்ந்த துறவோரின் சுவடு அது. அதே சீமையில் காரைக்குடி, தேவகோட்டை முதலிய ஊர்களில் நகரத்தாரின் பெருவீடுகள் நிற்கின்றன. வளவைச் சுற்றி அறைகள்; மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் ஓர் அறை; அவ்வறையில் மருமகள் கொண்டுவந்த சீர். வெள்ளியும் பித்தளையும் சேலைகளும் மரப்பெட்டிகளில் அடுக்கப்பட்டன. அவற்றைச் சிட்டையில் எழுதிவைத்த நேர்த்தியை நாம் போற்றவேண்டும். எழுதப்படாத பொருளுக்கு வரையறை இல்லை.

ஆயினும் காலம் வேறொன்று செய்தது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியும், 1942இல் பர்மாவைச் சப்பானியர் கைப்பற்றியதும் கடல் கடந்த வணிகத்தைத் தளர்த்தின. குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பெயர்ந்தன. பூட்டிய அறைகள் திறக்கப்பட்டன. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், ஒரு காலத்தில் மகளுக்கென்றும் பேத்திக்கென்றும் காத்துவைத்த பொருள்கள் விலைச்சீட்டோடு கிடக்கின்றன. உலோகமாவது கடைக்கு வந்து சேர்ந்தது. துணிக்கு அதுவும் இல்லை. மடித்த மடிப்பிலேயே பல்லாண்டு கிடந்த சரிகைப் பட்டு, மடிப்பு வரையிலேயே கிழிந்துவிடும். காத்தோம் என்று எண்ணியது காக்கப்படவில்லை.

அதே மண்ணில்தான் செறிவுடைத் தொகுதிக்கு ஏற்ற சேலையும் பிறந்தது. காரைக்குடிக் கண்டாங்கி தடித்த பருத்தியில் அகன்ற கரையோடும் கட்டங்களோடும் நெய்யப்படுவது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அரக்கு, கறுப்பு, கடுகு மஞ்சள், செங்கல் நிறம் என அதன் மரபு நிறங்கள் சிலவே. நிறம் சிலவாயின் ரவிக்கையும் சிலவே போதும். இதன் பயனைப் பின்னர்க் கணக்கிட்டுக் காண்போம்.

4. நெரிசலும் கொலையும்

"இருந்தால் இருக்கட்டுமே, யாருக்கு என்ன தீங்கு?" எனச் சிலர் வினவலாம். இவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் உயிர்ப்பகுதி.

அடைத்துவைத்த பேழையில் காற்றும் ஒளியும் புகுவதில்லை. அங்கே உயிர்கள் தோன்றும். அந்துப்பூச்சியின் புழு பட்டையும் கம்பளியையும் தின்னும். இராமபாணப் பூச்சி கஞ்சிப் பசையை நாடிப் பருத்திக்கு வரும். பின்னர் நாம் அந்துருண்டையை வாங்கிப் போடுகிறோம். அதன் ஆவி பூச்சியையும் புழுவையும் கொல்லும். மூடிய அறையில் நம் மூச்சுக்கும் தீங்கு செய்யும். நீரை வடிகட்டிப் பருகி, கதிரவன் மறையுமுன் உண்டு, நடக்கையில் நிலம் நோக்கி நடக்கும் நாம், உடுத்தாத சேலைகளுக்காக ஒரு கொலைக்களத்தைப் படுக்கையறையிலேயே வைத்துக்கொள்கிறோம். ஐந்தாம் விரதம் தளர்ந்தால் முதல் விரதம் உடைகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

உடை நம்மிடம் வருமுன்னும் உயிர்க்கேடு உண்டு. பட்டுநூலுக்காகக் கூட்டுப்புழுக்கள் வெந்நீரில் இடப்படுகின்றன. ஒரு பருத்திச் சட்டை உருவாக ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என்பது அறிஞர் கணிப்பு. தேவைக்கு உடுப்பது இல்லறத்தார்க்குத் தவிர்க்கவியலாதது. தேவைக்கு மேல் சேர்ப்பதற்கு அக்காரணம் பொருந்தாது.

ஆகவே வைத்துக்கொள்வனவற்றைக் கொல்லாமல் காக்கும் முறையையும் அறிக. எடுத்துவைக்குமுன் கஞ்சி போக அலசி, நன்கு உலர்த்துக. பட்டைத் தூய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுக. பிளாஸ்டிக் உறையில் இடற்க. மூன்று திங்களுக்கு ஒருமுறை நிழலில் விரித்து, கண்ணால் நோக்கி, மடிப்பை மாற்றி மடிக்க. வசம்பையும் உலர்ந்த வேப்பிலையையும் சிறு முடிச்சாகக் கட்டி வைத்தால் பூச்சிகள் அணுகத் தயங்கும். அணுகாமல் காப்பதே நம் நெறி. இவையனைத்தும் சில சேலைகளுக்கு இயலும். நூறு சேலைகளுக்கு எவராலும் இயலாது.

5. எண்ணும் முறை

எத்தனை உடை போதும்? இதற்கு ஆசையைக் கேளாமல் துவைக்கும் கொடியைக் கேட்கவேண்டும். நம் ஊர் வெயிலில் இன்று உடுத்தது நாளை துவைத்து உலர்ந்து, மறுநாள் உடுக்க ஆயத்தமாகும். ஆகவே கோடையில் மூன்று போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உலர்வதற்கு மேலும் இரண்டு நாள் ஆகலாம். எனவே ஐந்து. நோய், விருந்து முதலியவற்றுக்காக ஒன்று கூட்டுக. வீட்டில் உடுப்பவை ஆறு.

வெளியிற் செல்ல நான்கு, ஆலய வழிபாட்டுக்கெனத் தனியே தூய்மையாய்க் காப்பவை இரண்டு, விழாவுக்கு இரண்டு. ஆக 14. இது கட்டளையன்று, ஒரு மாதிரிக் கணக்கு. பணிக்குச் செல்வோர் சிறிது கூட்டலாம், முதியோர் குறைக்கலாம். ஆடவர் வேட்டி, சட்டைக்கும் இவ்வாறே கணக்கிடுக. வளரும் பிள்ளைகளுக்கு ஓர் அயனத்துக்கு மேல் கணக்கிடற்க. உடல் கணக்கை மாற்றிவிடும்.

இனி ரவிக்கை. வீட்டுக்கும் வெளிக்குமான பத்துச் சேலைகளும் பத்து வெவ்வேறு நிறமாயின் பத்து வகை ரவிக்கைகள் வேண்டும். அவை கண்டாங்கியின் மரபு நிறங்களாயின் அரக்கு, கறுப்பு, கடுகு மஞ்சள் என்னும் மூன்று நிறங்களே எல்லாவற்றுக்கும் மாறி மாறிப் பொருந்தும். நிறத்துக்கு இரண்டாக ஆறு போதும். பொருத்தம் முன்பே அமைந்திருத்தலே செறிவுடைத் தொகுதியின் நுட்பம்.

"நாம் வாங்குவதைக் குறைத்தால் நெசவாளர் வாழ்வது எப்படி?" என்னும் வினாவும் நியாயமானதே. நம் பேழையை அடைத்து நிற்பவற்றுள் கைத்தறிச் சேலை எத்தனை என்று எண்ணிப் பார்க்க. ஆடித் தள்ளுபடியில் மலிவென்று வாங்கியவையே மிகுதியாய் இருக்கும். அத்தகைய நான்கின் விலையை ஒரு நல்ல கைத்தறிக்குக் கொடுத்தால் தறிக்குக் கூலி சேரும். பேழைக்குப் பாரம் குறையும்.

மறைந்த தாயின் சேலையை என் செய்வது? எல்லா வீடுகளிலும் மிகக் கடினமான வினா இது. ஒன்றை வைத்துக்கொள்க, வைத்ததை உடுக்க. மென்மையான பழம்பருத்தி பேரப்பிள்ளைக்குத் தூளியாகலாம். தாயன்பைப் பூட்டி வைப்பதினும் அதில் ஒரு குழந்தை உறங்குவது மேலன்றோ?

6. கொடுக்கும் முறை

கழித்ததைத் தள்ளிவிடுவது தானமாகாது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபின், நாகப்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களுக்குப் பழந்துணிகள் வண்டி வண்டியாகச் சென்றன. பயன்படாதவை சாலையோரம் சிதறிக் கிடந்தன. எல்லாம் இழந்தவரும் மானம் இழக்க விரும்பவில்லை. வீணான அத்துணிகளைத் தரம் பிரித்துப் பயன்படச் செய்யும் பணியில் கூஞ்சு என்னும் தொண்டு நிறுவனம் ஈடுபட்டது. அதனை 1999இல் தொடங்கிய அன்சு குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது வழங்கப்பட்டது.

கருணையால் கொடுக்கும்போது துவைத்து, தைத்து, பொத்தான் வைத்து, மடித்து, பெறுவார் இன்னார் என அறிந்து கொடுக்க. நாம் உடுத்தத் தகாத அளவு கிழிந்ததை எவர்க்கும் கொடுக்கற்க. அது வீட்டில் துடைக்கும் துணியாகட்டும்.

7. பயிற்சி

அ. ஒரு பட்சம் நோன்பு: இன்று தொடங்கிப் பதினைந்து நாள், நீங்களே எண்ணி எடுத்துவைத்த உடைகளை மட்டும் உடுக்க. மற்றவற்றைப் பூட்டுக.

ஆ. முடிவில் குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து, பூட்டியவற்றுள் தேடப்பட்டவை எவை, தேடப்படாதவை எவை என இரண்டு பட்டியல் எழுதுக. தேடப்படாதவையே கொடுக்கத்தக்கவை. தசலட்சண நாள்களுள் எட்டாவதாகிய உத்தம தியாகமும், ஒன்பதாவதாகிய உத்தம ஆகிஞ்சன்யமும் இதற்குச் சிறந்த நாள்கள்.

இ. பின்னர் ஒரு ருதுவுக்கும், அதன்பின் ஓர் அயனத்துக்கும் நியமத்தை நீட்டுக. எண்ணையும் தொடங்கும் நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுக. புதியது ஒன்று வந்தால் பழையது ஒன்று வெளியேறவேண்டும். மகள் பெயரில் வாங்கித் தம் பேழையில் வைப்பது எல்லை மீறலே.

ஈ. வினாக்கள்: போகம், உபபோகம் வேறுபாடு யாது? யமம், நியமம் வேறுபாடு யாது? உடை மிகுதியால் முதல் அணுவிரதம் எவ்வாறு பழுதுறுகிறது? உங்கள் வீட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

சிராவக நிலைகளில் உயர்ந்து செல்பவர்க்கு உடை குறைந்துகொண்டே போகிறது. ஆர்யிகைக்கு ஒரு வெள்ளைச் சேலை. சுல்லகர்க்குக் கோவணமும் ஒரு மேலாடையும். ஐலகர்க்குக் கோவணம் மட்டும். முனிவர்க்குத் திசையே உடை. நாம் அவ்வேணியின் அடிப்படியில் நிற்கிறோம். அடிப்படியில் நிற்பவர்க்குப் பதினைந்து நாள் நியமம் அரிதன்று. மகாவீரர் வீடுபேற்றை அடைந்த தீபாவளித் திருநாளில், புத்தாடை வாங்குமுன் குறிப்பேட்டைத் திறந்து பார்க்கும் பழக்கம் ஒரு வீட்டில் தோன்றினாலும் இப்பாடம் பயன் தந்ததாகும்.

அறம் வளர்க.