தட்டைத் தள்ளிவிடும் குழந்தை: புலனுணர்வும் உணவும்

பள்ளி மதிய உணவின்போது கிச்சடியைக் கண்டவுடன் தட்டைத் தள்ளிவிடும் குழந்தைகளை ஆசிரியர்கள் பலர் கண்டிருப்பர். இதனைப் பிடிவாதமெனக் கொண்டு அதட்டுவோரும், வலிந்து ஊட்டுவோரும் உளர். ஆயின் இக்குழந்தைகளுள் சிலருக்குப் புலன்களின் மிகு கூர்மையே காரணமாகும். அதன் தன்மையையும், எளிய சமையல் மாற்றங்களால் உதவும் வகையையும் இங்குக் காண்போம்.

சுவை என்பது யாது?

நாம் பொதுவாகச் சுவை என்று கூறுவது நாக்கின் வேலை மட்டுமன்று. நாக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு முதலியவற்றையே அறியும். மெல்லும்போது எழும் ஆவி தொண்டையின் பின்வழியே மூக்கை அடைந்து மணத்தை உணர்த்துகிறது. மிளகாயின் காரமோ, வெப்பத்தையும் வலியையும் உணரும் நரம்புகளில் எழும் எரிச்சலாகும். குழைவு, வழுவழுப்பு, மொறுமொறுப்பு ஆகியன தொடுவுணர்வால் அறியப்படுவன.

இவ்வுணர்வுகள் எல்லார்க்கும் ஒரே அளவின அல்ல. ஃபீனைல் தயோகார்பமைடு என்னும் பொருள் சிலருக்குக் கடுங்கசப்பாகவும், சிலருக்குச் சுவையற்றதாகவும் இருப்பதை ஆர்தர் ஃபாக்ஸ் என்னும் அமெரிக்க வேதியியலறிஞர் 1931இல் அறிவித்தார். இவ்வேறுபாடு பெரிதும் மரபுவழி வருவதாகும். ஆட்டிசம் உடைய குழந்தைகளிடம் புலன்கூர்மை மிகுதியாகக் காணப்படுகிறது. எனினும் புலன்கூர்மையுள்ள குழந்தைகள் அனைவரும் ஆட்டிசம் உடையவர் அல்லர்.

இழப்பு யாது?

2021 முதல் பிரதமர் போஷண் எனப் பெயர் பெற்றுள்ள மதிய உணவுத் திட்டம், தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும் வகுத்துள்ளது. இதற்கென 20 கிராம் பருப்பும் 50 கிராம் காய்கறியும் சேர்க்கப்படுகின்றன. பருப்பையும் காய்கறியையும் ஒதுக்கும் குழந்தை வயிறு நிறையச் சோறு உண்டபோதிலும், இச்சத்துக்களை இழக்கிறது.

காரணத்தைக் கண்டறிதல்

ஒரு வாரம் குழந்தை உண்பனவற்றையும் ஒதுக்குவனவற்றையும் குறித்து வருக. ரொட்டியும் வறுத்த கடலையும் உண்டு, கிச்சடியை மறுப்பின் குழைவே தடையாகலாம். வெறுஞ்சோறு உண்டு, தாளித்த பருப்பை மறுப்பின் மணமோ காரமோ தடையாகலாம். வீட்டில் உண்பதைப் பள்ளியில் மறுப்பின் இரைச்சலும் நெரிசலும் காரணமாதல் கூடும்.

சமையலறையில் செய்யத்தக்கன

1. தாளிப்பதற்கு முன் ஒரு கரண்டிப் பருப்பை எடுத்து வைக்க. இதற்குத் தனிச் செலவில்லை. கடுகெண்ணெய் வழங்கும் கிழக்கு மாநிலங்களில் இது பெரிதும் பயன்படும்.

2. சோறு, பருப்பு, காய் ஆகியவற்றை ஒன்றோடொன்று கலவாமல் பரிமாறுக.

3. வெண்டைக்காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்தபின் நறுக்கி, மூடாமல் வதக்குக. சிறிது புளி சேர்ப்பின் வழுவழுப்புக் குறையும்.

4. பருப்பின் குழைவை ஏற்காத குழந்தைக்குக் கடலைமாவு கலந்த ரொட்டி தரலாம். ஐந்து வயதிற்குட்பட்டோர்க்கு முழுக் கடலை தருதல் ஆகாது. அது தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

5. ஆவி பறக்கும் உணவில் மணம் மிகும். எனவே சூடு சற்றே தணிந்தபின் பரிமாறுக. ஆயினும் சமைத்த உணவை நெடுநேரம் வைத்திருத்தல் கூடாது.

6. அடுப்படிக்கும் தட்டுக்கள் கழுவும் இடத்திற்கும் அப்பால், வரிசையின் ஓரத்தில் அமரச் செய்க.

விலக்கத்தக்கன

வலிந்து ஊட்டினால் குமட்டல் உண்டாகி, அவ்வுணவின்மீது வெறுப்பு வேரூன்றும். குழந்தை விரும்பும் உணவினுள் வேறொன்றை மறைத்து வைத்தலும் நன்றன்று. உள்ளதை அறிந்தபின், அது இதுவரை உண்டதையும் விட்டுவிடக்கூடும். புதிய உணவில் ஒரு சிறு துண்டைத் தட்டின் ஓரத்தில் வைத்து, தொடவும் முகரவும் விடுக. ஏற்பதற்குப் பத்து முறைக்கு மேலும் ஆகலாம்.

எப்பொழுது மருத்துவரிடம் அனுப்புவது?

எடை குறைதல், விழுங்கும்போது இருமல், இரண்டு மூன்று உணவுகளோடு நின்றுவிடுதல், ஈறுகளில் குருதி கசிதல் ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புக. ஈற்றுக் குருதி வைட்டமின் சி குறைவின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

ஆசிரியர் எழுதிய குறிப்பைச் சமையற்பணியாளரும் தாயாரும் அறிந்திருத்தல் வேண்டும். மூவரும் ஒரே முறையைக் கையாண்டால், குழந்தை அச்சமின்றித் தட்டின்முன் அமரும். உண்ணும் பழக்கம் அவ்விடத்திலிருந்தே தொடங்கும்.