பசுவின் வேட்கையும் கபச்சுரப்பியும்

பசு ஒருமுறை சினைப்படத் தவறின் அடுத்த வேட்கைக்கு ஏறக்குறைய 21 நாட்கள் காத்திருத்தல் வேண்டும். அந்நாட்களின் தீனிச் செலவு கமக்காரருக்கு நட்டமாகும். ஆதலால் வேட்கை தோன்றும் முறையை அறிதல் நன்று.

சூலகத்திற் சூல் முதிருங்கால் ஈத்திரோசன் என்னும் ஓமோன் சுரந்து, குருதிவழியே மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியை அடைகின்றது. ஆங்குள்ள கலங்களின் வாங்கிகள் பூட்டையும், ஓமோன் திறவுகோலையும் ஒக்கும். பூட்டுக்கள் குறைவாயின் திறவுகோல்களாற் பயன் சிறிதே.

முன்னைய சூல் வெளியேறிய இடத்தில் உண்டாகும் மஞ்சட்சடலம் புரோசெத்தரோன் என்னும் ஓமோனைச் சுரக்கும். சினை தங்காவிடின் மஞ்சட்சடலம் சுருங்கும், புரோசெத்தரோனும் குறையும். அப்பொழுது கபச்சுரப்பியில் ஈத்திரோசன் வாங்கிகளும், மூளையின் கட்டளையை ஏற்கும் வாங்கிகளும் பெருகுதல் பெண் செம்மறியாடுகளிற் செய்த ஆய்வுகளால் அறியப்பட்டுள்ளது. ஈத்திரோசன் உச்சமடைந்ததும் கபச்சுரப்பி லூட்டினாக்கும் ஓமோனைப் பெருமளவிற் சொரியும். அதுவே சூலை வெளியேற்றும்.

வேட்கையை உண்டாக்குவதும் ஈத்திரோசனே. ஆகவே வேட்கை, சூல் வெளிவரப்போவதை முன்னறிவிக்கும் அடையாளமாகும். பிற மாடுகள் மேலேறும்போது அசையாது நிற்றல், அடிக்கடி கத்துதல், தெளிந்த சளி வடிதல் என்பன அதன் குறிகள். வேட்கை தொடங்கி 24 முதல் 30 மணித்தியாலங்களிற் சூல் வெளியேறும்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. நாள்தோறும் காலையும் மாலையும் பசுவை நோக்குக.
2. வேட்கையைக் காலையிற் கண்டால் அன்று மாலையும், மாலையிற் கண்டால் மறுநாட் காலையும் செயற்கைமுறையிற் சினைப்படுத்துவிக்க.
3. வேட்கை நாளைக் குறித்துவைத்து, 18ஆம் நாள் முதல் மீண்டும் கவனிக்க.